கிழித்த தாள்

பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்த தாளை தஸ்தகீர் நாலாகக் கிழித்துக் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஷ்யாமளா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அங்கிள்! என்ன பண்றீங்க?"

"இது வேணாம்மா" என்றார் அவர், நிதானமாக.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஐசலின், ஓக் ட்ரீ ரோடில் ஒரு மளிகைக் கடை வாசல். 2005 ஏப்ரல், சனிக்கிழமை மத்தியானம். ஷ்யாமளாவும் அவள் சிநேகிதி ருக்மிணியும் காலையிலிருந்து மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். டிரைவிங் லைசென்ஸ் யாருக்குக் கொடுப்பது, எந்தப் பேப்பரைப் பார்த்துக் கொடுப்பது என்பதெல்லாம் அதுவரை அந்தந்த மாநிலத்தின் பாடு. இப்போது வாஷிங்டனில் புதுச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். விசா செல்லுபடியாகிறதா என்று பார்த்து, நாங்கள் சொல்கிறபடி கொடுக்காவிட்டால், உங்கள் மாநில லைசென்ஸைக் காட்டி யாரும் பிளேன் ஏற முடியாது என்று.

"நியூஜெர்சியில யார் கார் ஓட்டணும்னு நியூஜெர்சிதான் முடிவு பண்ணணும்!"

இதைச் சொல்லிச் சொல்லியே ஷ்யாமளா இருநூறு கையெழுத்துக்கு மேல் வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ட்ரெண்டனில் மாநில சட்டசபைக் கமிட்டி ஜனங்களின் கருத்தைக் கேட்கப் போகிறது. அங்கே கொடுப்பதற்காக.

தஸ்தகீர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்கள். ஷ்யாமளாவும்தான். அவரைப் பார்த்ததும் சந்தோஷமாக எல்லாத் தாளையும் நீட்டினாள். அவரோ ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். ஒன்றை மட்டும் உருவினார். கிழித்தார்.

"இது நம்ம ஸ்டேட் விஷயம் அங்கிள். வாஷிங்டன் ஏன் கை வைக்கணும்?"

கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தஸ்தகீரும் அவர்களை ஒரு தரம் பார்த்தார்.

"இங்க வேணாம்மா. செவ்வாய்க்கிழமை பேசலாம்."

காரில் ஏறிப் போயே விட்டார்.

"அவர் சிட்டிசன் ஆயாச்சுடி, அவருக்கென்ன?" என்றாள் ருக்மிணி. "இல்லேன்னா பயமா இருக்கும். ரெண்டாயிரத்து ஒண்ணுக்கப்புறம் கவர்ன்மெண்ட்னாலே அவங்களுக்கெல்லாம் ஒரு நடுக்கம்."

"பயம்னா ஒதுங்கிப் போகட்டும். மத்தவங்க போட்ட கையெழுத்தை எதுக்குக் கிழிக்கணும்?"

ஷ்யாமளாவுக்கு ஆறவில்லை. அன்று சாயங்காலமே, அவரிடம் கார் கற்றுக்கொள்வதாக இருந்த மூன்று பேருக்கு போன் போட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை. பார்சிப்பனி ஆபீசுக்கு லீவ் போட்டுவிட்டு ட்ரெண்டன் போனாள். கையில் ஒரு குறிப்புகூட இல்லாமல் மூன்று நிமிஷம் பேசினாள். குரல் எங்கேயும் தடுமாறவில்லை. ஹாலில் பலத்த கைதட்டல்.

கமிட்டித் தலைவி தாள்களை வாங்கிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "இவை இனிமேல் பொது ஆவணம். யார் கேட்டாலும் காப்பி கிடைக்கும். வாஷிங்டனுக்கும் ஒரு செட் அனுப்பி வைப்போம்."

ஷ்யாமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் தஸ்தகீர்!

"இருபத்திரண்டு வருஷமாக இந்த மாநிலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம். என் ஊர் ரோட்டைப் பற்றி என் ஊரில் முடிவு செய்யுங்கள்."

பேசி முடித்து ஒரு தாளைக் கொடுத்தார். பதினாலு கையெழுத்து. முதலாவது அவருடையது. அத்தனை பேரும் அமெரிக்கக் குடிமக்கள்.

வெளியே வராந்தாவில் ஷ்யாமளா அவரை மறித்தாள்.

"என்ன அங்கிள் இது? இங்க வந்து இவ்வளவு பேசறவர், அன்னைக்கு என் தாளை ஏன் கிழிச்சீங்க?"

"விசா எப்ப முடியுதுன்னு எழுத ஒரு கட்டம் போட்டிருந்தியே, அது யார் ஐடியா?"

"என்னோடதுதான். டீட்டெயில் இருந்தாத்தானே கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்?" பெருமையாகவே சொன்னாள்.

தஸ்தகீர் குரலைத் தாழ்த்தினார்.

"மத்த தாளெல்லாம் சரியா இருந்துச்சு. அந்த ஒண்ணுல மட்டும் மூணு பேர், உன்னை நம்பி, 'போன வருஷமே முடிஞ்சிருச்சு'ன்னு எழுதியிருந்தாங்கம்மா. பேரு, வீட்டு விலாசத்தோட. நீ சத்தம் போட்டப்ப அவங்க உன் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாங்க."