எதையும் மறைக்கக் கூடாது

“நெஞ்சு வலியும் உண்டு தம்பி. எழுதிக்கோங்க.”

பயண இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பேனாவை நிறுத்தினார். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று படிவத்தில் ஏற்கெனவே மூன்று ஏறியிருந்தன. எதிரில் இருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம், அங்கே போவதற்குத்தான் இத்தனையும்.

இருபது வருடமாக ஏஜென்ட் பார்த்தவர்கள் எல்லாம் வேறு ரகம். பைபாஸ் தழும்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே, தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அங்கே போய் ஆஸ்பத்திரியில் விழுந்ததும் கம்பெனி பணம் தரவில்லை என்று இவர் கழுத்தைப் பிடிப்பார்கள். அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அன்றைக்கு லிஃப்ட் வேறு ஓடவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்ததில் ஏஜென்டுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. கூடவே ஏறி வந்த அம்மாள்தான், அவர் சாவியைத் தேடி எடுக்கும்வரை பொறுமையாக நின்றிருந்தார்.

“இவ்வளவும் போட்டா கம்பெனி யோசிக்கும்மா. லேசான வலின்னா விட்டுடலாமா?”

“வேணாம் தம்பி. பின்னால யாருக்கும் வம்பு வரக் கூடாது. மூட்டு வலி இருக்கு. அடிக்கடி தலையும் சுத்துது.”

இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா என்று ஏஜென்டுக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த வரியில் அதையும் எழுதினார்.

அப்போது மகள் போனில் வந்தாள். அம்மாள் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார். அங்கே பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு தாயார் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரிச் செலவில் குடும்பமே ஆடிப்போய்விட்டதாம். இன்ஷூரன்ஸ் கையில் இருந்தால்தான் டிக்கெட் போடுவாளாம்.

அம்மா வந்தால்தான் சமையலுக்கும், பெரியவனைப் பள்ளியில் விடவும், ராத்திரியில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆள் என்றாள் மகள். அண்ணனுடைய இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பத்து மாதம் அங்கே இருந்துவிட்டு, அம்மா போன வாரம்தான் ஊர் திரும்பியிருக்கிறாள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்றும் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் அம்மாள் “சரிம்மா” என்றார். போனை வைத்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாவம், வியாதி ஆளை அடித்துப் போட்டிருக்கிறது என்று நினைத்தார் ஏஜென்ட்.

இரண்டு கம்பெனிகள் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தன. மூன்றாவது, நெஞ்சு வலி என்ற வார்த்தையைத் தாண்டவே இல்லை. ஏஜென்ட் விடவில்லை. பொய் சொன்னவர்களுக்கெல்லாம் ஓடியோடி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், உண்மை பேசியவரைத் திருப்பி அனுப்புவதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

நாலாவது கம்பெனியில் பழகிய மேலாளர் ஒருவரைப் பிடித்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போனை வைத்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கிடைச்சிடுச்சும்மா. நீங்க சொன்ன எல்லா வியாதிக்கும் சேர்த்தே தர்றாங்க. ஒரு கையெழுத்துதான் பாக்கி. நிம்மதியா கிளம்புங்க.”

அந்த முகத்தில் ஒரு சிரிப்பையாவது பார்க்கலாம் என்று காத்திருந்தார். அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எந்த வியாதின்னா போகவே கூடாதும்பாங்க தம்பி?”