படுதாத் துணிப் பை

"ரெண்டு நாளைக்குப் போற புள்ளைக்கு, பைக்கு அடியில எதுக்கு இன்னொரு தட்டு?"

கணவன் மகாராஜனின் குரல் கேட்டதும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த பொற்கொடியின் கால் நின்றுவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு இவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

"அழுக்குத் துணியத் தனியா வைக்கத்தாங்க."

அவன் ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட பழைய படுதாவை வெட்டித்தான் பை தைத்துக்கொண்டிருந்தாள். மகள் பவதாரணிக்குக் கோயம்புத்தூரில் வேலை. லீவில் வந்த இடத்தில் அத்தை மகன் பாண்டித்துரைக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார் பெரியப்பா சோணை. அடுத்த வாரம் பரிசம். "வேலைய விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ரெண்டே நாள்ல வந்து சேரு" என்பது அவர் உத்தரவு.

பவதாரணி திரும்பி வரப்போவதில்லை. கூட வேலை பார்க்கும் முத்துக்கண்ணன் கல்யாணப் பதிவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருந்தான். வேறு சாதி. சோணைக்குத் தெரிந்தால் அவன் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணில் படாமல் ஒரு பெட்டி வெளியே போக முடியாது. அதனால்தான் பார்வைக்குச் சின்னதாக, உள்ளே நிறையக் கொள்கிற மாதிரி ஒரு பை.

மகாராஜனிடம் அவள் சொல்லவில்லை. அவனை வளர்த்ததே அண்ணன் சோணைதான். அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவனுக்குப் பொய் வராது.

நாலு மடிப்புத் துணியில் ஊசி சிக்கி ஒடிந்தது. மகாராஜன் வேறு ஊசி மாட்டிக் கொடுத்து, சக்கரத்தைத் தன் கையாலேயே மெதுவாகச் சுற்றினான். அவள் துணியைத் தள்ளினாள். தைத்து முடித்த வாரை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது தாங்காது. குறுக்க இன்னொரு தையல் போடு."

"ரெண்டு நாளைக்கு அப்படி என்னங்க பாரம்?"

"என்னவோ. பொம்பளப் புள்ள, நடு ரோட்டுல பை அறுந்து நிக்கக் கூடாதுல்ல."

அவளுக்கு மனசு உறுத்தியது. எதுவும் தெரியாத மனுஷனையே சக்கரம் சுற்ற வைத்துவிட்டோமே என்றிருந்தது.

"ஏங்க, ஒரு விசயம் சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு. வண்டியில சோலி கெடக்கு." அவன் எழுந்து போய்விட்டான்.

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தாள். "பவதாரணி விசயமா..."

"கொழம்பு கொண்டா" என்றான். குழம்போடு வருவதற்குள் கை கழுவியிருந்தான். எதையும் காது கொடுத்துக் கேட்காத மனுஷன் என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

காலையில் பவதாரணி பையோடு வாசலுக்கு வந்ததும் சோணை எதிர்வீட்டிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன ஆத்தா, பை புதுசா இருக்கு?"

பவதாரணி அம்மாவைப் பார்த்தாள். மகாராஜன் அவள் தோளிலிருந்து பையை வெடுக்கென்று வாங்கி ஜீப்பின் பின்னால் போட்டான்.

"நம்ம பழைய படுதாண்ணே. வேற சோலி இல்லாம ஆத்தாளும் மகளும் வெட்டி வீணாக்கிட்டாக."

சோணை சிரித்தார். "வெரசா வந்துரு ஆத்தா. பரிசத்துக்குச் சேல எடுக்கணும்."

மூவரும் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பஸ்சு கிளம்பத் தயாராக நின்றது. மகாராஜன் உள்ளே ஏறி, பையை மகளின் காலடியில் வைத்துவிட்டு இறங்கினான். ஜன்னல் வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பவதாரணி விசும்பினாள்.

"கிறுக்கி, ரெண்டு நாள்ல வரப்போறவ எதுக்கு அழுகுற?" என்று கையை விடுவித்துக்கொண்டான்.

பஸ்சு திரும்பி மறையும்வரை இருவரும் நின்றார்கள். ஜீப்பில் ஏறியதும் பொற்கொடிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ஏங்க, இப்பவாச்சும் நான் சொல்றதக் கேளுங்க..."

"சொல்லாத பொற்கொடி" என்று ஜீப்பைக் கிளப்பினான் மகாராஜன். "நாளைக்கு அண்ணன் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாரு. பொண்டாட்டியும் மகளும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலன்னு நான் பொய் இல்லாம பண்ணணும். அந்தப் பையில ராத்திரியே முத்துக்கண்ணனுக்கு ஒரு பட்டு வேட்டி வச்சிட்டேன், கல்யாணத்தன்னைக்கு அதையே கட்டச் சொல்லு."