பேச்சாயி வரட்டும்

"வெள்ளிக்கிழமை பாய். இன்னும் பத்து நிமிசத்துல ராகுகாலம். ஷட்டரத் தூக்கிரவா?"

"பேச்சாயிக்கா வரட்டும்மா" என்றார் இஷாக்.

மேனேஜராக அன்றுதான் சேர்ந்த பவித்ரா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். ரெட்டியார்சத்திரத்தில் திறக்கும் இது இஷாக்கின் ஏழாவது தள்ளுபடிக் கடை; மற்ற ஆறும் வேறு ஊர்களில். எதிரே பெரிய பாத்திரக் கடை. அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏற்கெனவே இரண்டு தள்ளுபடிக் கடைகள் இங்கே மூடிப்போயிருந்தன. இதுவும் மூடினால் அவள் வேலையும் போச்சு.

பாதி தூக்கிய ஷட்டருக்கு வெளியே நல்ல கூட்டம். கட்டட ஓனர் பொம்மையன் ஐந்நூறு ரூபாய்த் தாளும் கையுமாக நின்றார்.

"போணிய நான் பண்றேன் பாய். எதுக்கு நல்ல நேரத்தக் கடத்துறீங்க?"

"ஆறு கடையும் அவங்க வந்துட்டுப் போனப்புறம் தெறந்ததுதான். செத்த பொறுங்க."

அவ்வளவு ராசியான கையா? பவித்ரா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

குஜிலியம்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பேச்சாயி வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். ஏதோ மந்திரி வருவதுபோல எல்லோரும் வழிவிட்டார்கள். மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள்.

பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"நூத்தி இருவதா? சந்தையில நூறுன்னு கூவிக் கூவி விக்கிறான்!"

தோசைக்கல்லைத் தூக்கிப் பார்த்தாள். "இது முந்நூறா? இருநூத்தம்பதுக்கு மேல எவன் குடுப்பான்? ஏன் பாய், இது ஒனக்கே அடுக்குமா?"

சம்படத்தைத் திறந்து மூடினாள். "அம்பது ரூபா சாமானுக்கு எழுவதா? பகல் கொள்ளை!"

எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே வைத்தாள். இஷாக் வாங்கிவரச் சொன்ன டீயைக் குடித்தாள். வெறும் பையோடு கிளம்பிவிட்டாள்.

பவித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. "போணி பண்ணாமப் போயிட்டாங்களே பாய்! கடை வெளங்குமா?"

அதுவரை எதையோ குறித்துக்கொண்டிருந்த சீட்டை இஷாக் அவளிடம் நீட்டினார்.

"பதினோரு வருசமா அந்தக்கா எங்கிட்ட ஒரு ஊசி வாங்குனதில்லம்மா. அவங்க திட்டிட்டு வச்ச சாமானுக்கெல்லாம், அவங்க சொன்ன விலையில அஞ்சு ரூபா கொறச்சு ஒட்டு. அப்புறம் ஷட்டரத் தூக்கு."