தொழுகைக்கு முன்

மூலை காலியாகக் கிடந்தது.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சதக், துண்டைக் கழுத்தில் விட்டபடி அப்படியே நின்றான்.

நேற்றுவரை அந்த மூலையில் வெள்ளைப் பைகள் வரிசையாக இருந்தன. பைக்குப் பை பித்ரா அரிசி, அதன் மேல் மடித்த நூல் சேலை. இல்லாத வீடுகளுக்குப் பெருநாளன்று கொடுக்கக் கட்டி வைத்தவை. இப்போது தரையில் சிந்திய அரிசிதான் மிச்சம்.

போச்சு. அவன் ஒளித்து வைத்திருந்ததும் சேர்ந்து போச்சு.

கடைசிப் பையில், நூல் சேலைக்கு அடியில், மனைவி மெஹருன்னிசாவுக்கு என்று வாங்கின பட்டுச் சேலை இருந்தது. கத்திரிப்பூ நிறம். அவளுக்குப் பிடித்த நிறம்.

இந்தப் பெருநாளைக்குப் புதுத்துணி வேண்டாம், விருந்து வேண்டாம், வாசலில் சீரியல் லைட் வேண்டாம், அந்தக் காசில் நம்ம மண்டபம் ஊரில் கடல்தொழில் இல்லாமல் கிடக்கிற வீடுகளுக்கு அரிசியும் துணியும் கொடுப்போம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். போனில் சொன்னாள். தமாமில் கம்பெனி ரூமில் படுத்துக்கொண்டு சதக்கும் மாஷா அல்லாஹ் என்றான். அங்கே இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

ஊர் வந்து இறங்கிய பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை.

கல்யாணமான பிறகு அவன் வீட்டில் இருக்கிற முதல் பெருநாள் இது. வருஷா வருஷம் பணம் அனுப்பினான். வருகிற ஆள் கையில் சேலை கொடுத்துவிட்டான். தன் கையால் அவள் கையில் ஒரு பெருநாள் சேலையை வைத்ததே இல்லை. அதற்கு வாய்த்த வருஷத்தில் பார்த்தா இந்த மகராசிக்கு எளிமை வர வேண்டும்?

ஊர் வாய் வேறு. சபுராளி பொண்டாட்டி, புருஷன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான், பெருநாளைக்குப் பழைய சேலையில் நிற்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா?

ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று மைக் போட்டுக் கத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டித்தான் போனான். ஒரு கடையில் கால் தானாகப் படியேறிவிட்டது. இலவசச் சேலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த மட்டுக்காவது எளிமையாக இருந்தோமே என்று அவனுக்கு ஒரு திருப்தி.

பீரோவில் வைத்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். கொடுப்பதற்கென்று கட்டிய பையை யார் பிரிக்கப்போகிறார்கள்? தொழுதுவிட்டு வந்ததும் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பித்ரா, தொழுகைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமாமில் சங்கத்து ஆட்களிடம் காசைக் கொடுத்துவிட்டுக் கவலையில்லாமல் இருந்து பழகினவனுக்கு, இங்கே அரிசி விடியும்போதே வீடு வீடாகப் புறப்பட்டுவிடும் என்பது மறந்துபோயிருந்தது. அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து சற்றுக் கண்ணயர்ந்தான். அதற்குள் அவள் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

திடலில் தக்பீர் முழங்க ஆரம்பித்துவிட்டது. சதக் கட்டிலுக்கடியில் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தான். அவளிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் வாங்கியதைச் சொல்ல வேண்டும்.

சமையலறையில் மெஹருன்னிசா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த பழைய பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள்.

கொல்லை வாசலில் யாரோ சலாம் சொன்னார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சதக் எட்டிப் பார்த்தான்.

பக்கத்துத் தெரு நஸீரா. கடலுக்குப் போன அவள் புருஷன் அக்கரை நேவியிடம் பிடிபட்டு இன்னும் திரும்பவில்லை. இருந்த ரவிக்கையோடு கத்திரிப்பூ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றாள்.

மெஹருன்னிசா கையைத் துடைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிச் சரிசெய்தாள். நஸீராவே கூச்சப்படும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

சதக்குக்கு வயிறு எரிந்தது. புருஷனைப் பிரிந்து கிடக்கிறவள் உடுத்தியதைப் பார்த்தா எரிகிறது என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

நஸீரா போகும்வரைதான் பொறுக்க முடிந்தது.

"அந்தச் சேல உனக்கு வாங்குனது, மெஹரு."

அவள் சட்டென்று திரும்பவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. இப்போது அழுததாகத் தெரியவில்லை, விடியும்போதே அழுது முடித்த கண்கள்.

"பையப் பிரிச்சதுமே தெரிஞ்சுருச்சு மச்சான். அதான் நீங்க முழிக்கறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். உங்க கையால வாங்கிட்டேன்னா, அப்புறம் அத யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வராது."