தலைவருக்கு ஒரு நாற்காலி

“தலைவர் உக்கார்றதுக்கு ஒரு நல்ல சேர் காட்டுங்க. நாள் முழுக்க உக்காந்தாலும் இடுப்பு புடிக்கக் கூடாது” என்றாள் அமிர்தம், கடை வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் நாற்காலி, கட்டில் விற்கும் லூர்துராஜ், அவளுக்குப் பின்னால் வந்த அவள் கணவன் பகலவனைப் பார்த்தார். ஆறடி உயரம். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை, பையில் இரண்டு பேனா. கேட்கவே வேண்டியதில்லை.

“வாங்க தலைவரே, வாங்க. எந்த ஊர் பஞ்சாயத்துங்க?”

“கரியாலூருக்கு அந்தாண்ட” என்றான் பகலவன். தலைவரே என்று எங்கே குரல் கேட்டாலும் அவன் திரும்பிவிடுவான். மூன்று வருடப் பழக்கம்.

“ஆபீஸ்ல இப்ப இன்னா சேரு?”

“மரச்சேரு. ஒரு கால் குட்டை. காலையில போய் உக்காந்தா, சாயங்காலம் இடுப்பைப் புடிச்சிக்கினுதான் எழணும். தீர்மானம் போட்டு ஒரே ஒரு சேருக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கோம். தப்பானதை வாங்கிக்கினு போனா அவ்ளோதான். பதவி முடியற வரைக்கும் அதுதான்.”

“அதனாலதான் நானும் கூட வந்தேன்” என்றாள் அமிர்தம். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போதே அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்துகொண்டிருந்தது. பகலவன் காரணம் கேட்டும் சொல்லவில்லை.

லூர்துராஜ் முதலில் காட்டியது ஒரு கறுப்பு நாற்காலி. தலைக்கு மேலும் ஒரு சாண் முதுகு. பகலவன் பார்த்ததுமே மயங்கிவிட்டான். உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பிடியை இழுத்தான். நாற்காலி பொசுக்கென்று தரைக்கு இறங்கியது. பதறிப்போய் இன்னொரு பிடியை இழுத்தான். அது பின்னால் சாய்ந்தது. கால்கள் இரண்டும் மேலே போக, இடது செருப்பு பறந்து, கட்டில் விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் காலடியில் விழுந்தது.

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டில் வாங்க வந்தவரும் சிரித்தார்.

“இதையே எடுத்துக்கலாம்” என்றான் பகலவன், படுத்தவாக்கிலேயே. “பி.டி.ஓ. வந்தாக்கூட அசந்துடுவாரு.”

“வேணாங்க. இதுல தலைவர் உக்காந்தா ஆள் இருக்கறதே வெளிய தெரியாது.”

ஆறடி ஆளை வைத்துக்கொண்டு அவள் அப்படிச் சொன்னது லூர்துராஜுக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தம்மாவுக்குக் குசும்பு ஜாஸ்திதான் என்று நினைத்தபடி அடுத்த நாற்காலியை இழுத்து வந்தார்.

“இது இன்னா, சக்கரம் ஓடுமா?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்த பகலவன், காலால் ஓர் உந்து உந்தினான். கடையின் தரை வாசல் பக்கம் சரிவு என்பது லூர்துராஜுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் பகலவன் பீரோக்களைத் தாண்டி, “ஏய், ஏய்” என்றபடி சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். எதிரே வந்த கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்தது. “மாதாவே” என்று லூர்துராஜ் ஓடிப்போய் நாற்காலியின் முதுகைப் பிடித்து நிறுத்தினார்.

“மலை ரோட்டுலகூட நான் இப்படி இறங்கினதில்ல” என்றான் பகலவன், மூச்சு வாங்க.

சிரித்துச் சிரித்து அமிர்தத்துக்கு வயிறு வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லூர்துராஜிடம் வந்தாள்.

“உடம்புக்கு எது நல்லதுன்னு எப்படிங்க பார்க்கறது? எனக்கு அது ஒண்ணுதான் வேணும். தலைவர் முதுகு வலிக்குதுன்னு பாதியில எழுந்து போயிடக் கூடாது. போனா அந்த எடத்துல வேற யாராவது வந்து உக்காந்துக்குவாங்க.”

“நான் இருக்கும்போது வேற எவன் உக்காருவான்?” என்றான் பகலவன்.

லூர்துராஜ் விளக்கினார். “உக்காந்தா பாதம் முழுசா தரையில படியணும்ங்க. இடுப்பு வளையற எடத்துல சேரு முட்டுக் குடுக்கணும். முட்டிக்குப் பின்னால மூணு விரல் போற மாதிரி எடம் இருக்கணும்.”

அமிர்தம் கடையை ஒரு சுற்று சுற்றினாள். மூலையில் இருந்த சின்ன சாம்பல் நிற நாற்காலி முன்னால் நின்றாள். வலை பின்னிய முதுகு, குட்டையான கால்.

“இது இன்னும் கொஞ்சம் இறங்குமாங்க?”

“இறங்கும்.”

“அப்ப இதுதான்.”

பகலவன் உட்கார்ந்து பார்த்தான். முட்டி இரண்டும் மார்புக்கு வந்தன. இடுப்புக்கு வர வேண்டிய முட்டு வேறெங்கோ குத்தியது. எழுந்தபோது நாற்காலியும் அவனோடு சேர்ந்து எழுந்தது. கட்டில் வாங்க வந்தவர் ஓடி வந்து, அதைப் பிடித்து இழுத்துவிட வேண்டியதாயிற்று.

“யக்கா, தலைவருக்கு இது பத்தலியே” என்றார் லூர்துராஜ். “இதுல ஒரு வாரம் உக்காந்தாருன்னா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்.”

“ஆமா அமிர்தம், வேணாம். அந்தக் கறுப்பே இருக்கட்டும்.”

அமிர்தம் அந்தச் சாம்பல் நிற நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் அழகாகப் படிந்தன. முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்காலியோடு ஒரு முழுச் சுற்று சுற்றினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“தலைவருக்கு அளவெடுத்து செஞ்சாப்ல இருக்குதுங்க” என்றாள் லூர்துராஜிடம். “ஓட்டு வாங்கி ஜெயிச்சது நான். இவரு எங்க வூட்டுக்காரரு, நாளையிலேருந்து வூட்டுல இருப்பாரு.”