கட்டில் இருந்த இடம்

எட்வின் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு அவன் குடும்பம் குடிவந்தது ஒற்றை அறைக்கு. பழைய வீட்டின் பெரிய கட்டிலைப் போட்டதும் சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகக்கூட அதில் ஏறி இறங்க வேண்டும். மனைவி சுகிர்தா காய் நறுக்கியதும், துணி மடித்ததும் அதன்மேல்தான். சின்னவன் ஆபேல் நடக்கப் பழகியதும் அதில்தான்.

"மூச்சு முட்டுதுங்க. இத யாருக்காவது குடுத்துருங்க" என்று ஒருநாள் உடைந்து அழுதாள்.

எட்வின் மறுநாளே ஆளை வரச்சொல்லி, கட்டிலைக் கழற்றி அனுப்பிவிட்டான்.

சுகிர்தா தரையைத் துடைத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டாள். மூத்தவள் ரினி அறை முழுக்க ஓடினாள். ஆபேல் மட்டும் கட்டிலின் விளிம்பு இருந்த இடம்வரை வந்து நின்றான். குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"அம்மா, எறக்கி விடு."

"தரைதான்டா செல்லம். சும்மா வா."

"விழுந்துருவேம்மா." உதடு பிதுங்கியது.

அவனைத் தூக்கி ஓரடி தள்ளி நிறுத்தினாள். அவன் சிரித்தபடி வாசலைப் பார்த்து ஓடினான். பிடிக்கப் பாய்ந்த சுகிர்தா அதே இடத்தில் சட்டென்று நின்றாள். அவளுடைய ஒரு கால், தரையைத் தேடி, மெல்லக் கீழே துழாவிக்கொண்டிருந்தது.