யட்சிக்குளத்தின் கிழக்கு மூலை

"சாரே, உங்க யட்சி என் மோளை என்ன செஞ்சா?"

கழக்கூட்டத்திலிருந்து வந்திருந்த ஷீனா, வாட்டர் பார்க் மேனேஜர் தாணுமாலையனின் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். அவளுடைய எட்டு வயது மகள் வரைந்த படம். சிவப்புத் தண்ணீர். அதற்கு மேலே தலைமுடி மூடிய ஒரு முகம். உடம்பு இல்லை.

"மூணு நாளா காய்ச்சல். உறக்கத்தில எழும்பி உட்கார்ந்து 'அங்க போகாதே'ன்னு சுவரைப் பார்த்துச் சொல்லுது."

"மேடம், எங்க யட்சி வாசல்லதான் நிப்பா. கதையில வர்ற மாதிரி வர்றவங்ககிட்ட வெத்திலைக்குச் சுண்ணாம்பு கேப்பா, போட்டோவுக்கு நிப்பா. வேஷம் போடறது ஆர்யான்னு ஒரு பொண்ணு. குளத்துக்குள்ள நாங்க ஆளே வைக்கலை."

ஷீனா படத்திலிருந்த முகத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அப்போ குளத்தில நின்னது ஆரு?"

மூன்று வாரத்தில் இது நான்காவது புகார்.

கல்லாற்றுக்குச் சற்று முன்னால், பொன்முடி ரோட்டோரம் இருந்தது அந்தப் பார்க். உள்ளே எல்லாமே திருவனந்தபுரத்துப் பழங்கதைதான். ராஜாவை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமார் பேரில் எட்டு சறுக்கு. அவர்களிடமிருந்து தப்பி ராஜா ஒளிந்த பலாமரப் பொந்து ஒரு நீர்ச் சுரங்கம். கடைசியில் யட்சிக்குளம். சிமெண்டில் ஒரு பனைமரம், இடுப்பளவு தண்ணீர், அடியில் சிவப்பு விளக்கு.

நான்கு குழந்தைகளும் வேறு வேறு ஊர். சொன்னது மட்டும் ஒன்றே. பனைமரத்துக்குப் பின்னால், கிழக்கு மூலையில், தண்ணீருக்கு மேல் ஒரு தலை. கிட்டே போனால் மெதுவாகச் சொல்லும்:

"வராதே. கீழ என் பிள்ளை உறங்குது."

கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மூலையைப் பனைமரம் மறைத்தது.

லைஃப்கார்டு சுஜினைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மலையடிவாரம் அல்லே சார். குளம் தோண்டும்போது மண்ணுக்குள்ள என்ன கிடந்துதோ."

"நீ போய்ப் பார்த்தியா?"

"நான் அந்த மூலைக்குப் போறதே இல்லை சார்."

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. மழை. பார்க்கில் பத்துப் பேர்கூட இல்லை. தாணுமாலையன் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் தனியாகக் குளத்தில் இறங்கினார்.

கிழக்கு மூலை காலியாக இருந்தது. மழைத்துளி விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வீணாகப் பயந்தோமே என்று திரும்பிக் கரையைப் பார்த்தார். மறுபடி மூலையைப் பார்த்தபோது அங்கே ஒரு தலை இருந்தது.

ஈரமுடி முகத்தை முழுக்க மூடியிருந்தது. வெள்ளைத் துணியின் ஓரம் தண்ணீரில் மிதந்தது.

"வராதே," என்றது. "கீழ என் பிள்ளை உறங்குது."

அவர் ஓடத் திரும்பினார்.

அப்போது அந்தத் தலை இருமியது. சளி பிடித்தவர்கள் இருமுகிற சாதாரண இருமல்.

தாணுமாலையன் எட்டி அந்த முடியை விலக்கினார்.

கழிப்பறை சுத்தம் செய்யும் மாடம்மாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள். ஆர்யாவின் பழைய வேஷச் சேலையைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கியிருந்து எழும்பி, தண்ணீரில் குத்துக்காலிட்டிருந்தாள்.

பயந்துபோனதெல்லாம் அவருக்குக் கோபமாக மாறியது.

"பிள்ளைகளைப் பயங்காட்டவா உன்னை வேலைக்கு வச்சிருக்கு? ஒரு குழந்தை காய்ச்சல்ல கிடக்கு, தெரியுமா? நாளையிலிருந்து வர வேண்டாம். விலகு."

"நான் போயிருதேன் சார். நீங்க இங்க வராதிய."

"எனக்கே சொல்லுதியா?"

அவளைத் தள்ளிவிட்டு, அவள் மறைத்திருந்த சுவரோரத்தில் காலை வைத்தார்.

ஏதோ ஒன்று அவருடைய வலது காலைப் பிடித்து இழுத்தது.

முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. மற்ற கால் வழுக்கியது. தலைக்கு மேலே தண்ணீர். கண்ணைத் திறந்தால் எங்கும் சிவப்பு. கத்த வாய் திறந்தார், தண்ணீர்தான் உள்ளே போனது. அக்குளுக்கடியில் இரண்டு கைகள் நுழைந்து அவரைத் திருகி, ஒரே மூச்சில் வெளியே இழுத்தன.

கரையில் கிடந்து இருமினார். முழங்காலைச் சுற்றி வளையல்போல ஒரு சிவந்த தடம்.

"தண்ணி உறிஞ்சுத குழாய் சார்," என்றாள் மாடம்மாள். "அதுக்க மூடி பேர்ந்து ஒரு மாசமாச்சு. அன்னைக்கே உங்க ரூமுக்கு வந்து சொன்னேன்."

அவருக்கு ஞாபகம் வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தார். வாளியோடு யாரோ வாசலில் நின்று என்னவோ சொன்னார்கள். நிமிர்ந்து பார்க்காமலே, "எல்லாம் சீசன் முடியட்டும்" என்று கை காட்டி அனுப்பியிருந்தார்.

உடனே மோட்டாரை நிறுத்தச் சொன்னார். குளத்தைப் பூட்டச் சொன்னார். தண்ணீர் வடிய வடிய, கிழக்கு மூலையில் சுவரோரம் அந்தக் குழி தெரிந்தது. எட்டு வயதுப் பிள்ளை இடுப்புவரை போய்விடும்.

குழியைப் பார்த்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு வேஷம்? இங்க குழி இருக்குன்னு நேராவே சொல்லியிருக்கலாமே?"

மாடம்மாள் முடியைப் பிழிந்து கொண்டை போட்டாள்.

"மொத நாலு நாளு பிள்ளையகிட்ட அப்படித்தான் சார் சொன்னேன். கக்கூஸ் கழுவுதவ சொன்னா யாரு கேக்கா? யட்சி சொன்னா கேக்குதுவ."